மூடுபனிக்குள் ஓர் உலகம்: மலையகத்தில் நடக்கும் சிறுவர் மாயக்கதை நாவலை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டிப்பொலவில் ரயில் நிற்கும்போது பல நாட்களில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது. கடல் மட்டத்திலிருந்து 1,898 மீற்றர் உயரத்தில் இருக்கும் அதுதான் இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம். அங்கிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழையும். பெட்டியில் இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூவுவார்கள். மறுபக்கம் ஒஹியா. இந்தப் பக்கம் தூறல் என்றால் அந்தப் பக்கம் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேற்கு மழையை வாங்கும் சரிவு முடிந்து ஊவா மாகாணத்தின் பக்கம் தொடங்கிவிட்டது என்பதுதான் காரணம். எட்டு வயதில் எனக்கு அந்தக் காரணம் தெரியாது. இருட்டுக்குள் போனோம், வேறோர் உலகத்தில் வெளியே வந்தோம் என்றுதான் நினைத்தேன்.

மாய உலகம் ஒன்றைச் சிறுவர் நாவலாக எழுத நினைக்கும் மலையகத்தவர்களுக்கு அந்த அனுபவம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. இருந்தும் முதல் முறை எழுத உட்காரும்போது நாம் கோட்டையையும் பனிப்பொழிவையும் மந்திரக்கோலையும் தேடிப் போகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் கையெழுத்துப் பிரதியில் ஏழு கோபுரங்கள் கொண்ட கோட்டை ஒன்று இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது ஒரு சிறுமி, "அங்கே குளிப்பதற்குப் பீலி எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். பீலி என்றால் மலைநீர் கொட்டும் குளிப்பிடம். என்னிடம் பதில் இல்லை. அந்த உலகத்தில் ஒருவரும் குளிக்கவில்லை, சமைக்கவில்லை, வேலைக்குப் போகவில்லை. அந்தப் பிரதியை மூடி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். அதன் பிறகு கற்றுக்கொண்டதை வேலை செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: ஏன் மறைந்திருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

அந்த உலகத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் போடுவது இன்பமான வேலை. அதைத் தள்ளி வையுங்கள். அது ஏன் ஒளிந்திருக்கிறது, யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். பதில் கிடைக்காமல் அத்தியாயம் தொடங்கினால், பாதி வழியில் கதை வெறும் வேடிக்கை பார்ப்பதாக மாறிவிடும்.

பதிலை மலையிலேயே தேடலாம். நாம் நிற்கும் மண் அடுக்கடுக்கானது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நடப்பட்டது. அதற்கு முன் இந்தச் சரிவுகளில் கோப்பி இருந்தது. 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தக் கோப்பியை அழித்தது. கோப்பிக்கு முன் காடு. தேயிலைக்குக் கீழே கோப்பி, கோப்பிக்குக் கீழே காடு. மறைந்த உலகத்தை நீங்கள் கற்பனையில் கட்ட வேண்டியதில்லை, தோண்டினால் போதும்.

மஸ்கெலியாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1960களில் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய வழிபாட்டிடங்களின் சிதைவுகள் வெளியே தெரிகின்றன. ஹோட்டன் சமவெளியில் வாழும் தேவாங்கு இன்னொரு வகை மறைவு. அது அழிந்துவிட்டது என்றே ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். 2010இல் அதன் புகைப்படங்கள் வெளியாயின. அத்தனை காலமும் அது அங்கேதான் இருந்தது.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். என் பதிலை எப்படி அடைந்தேன் என்று சொல்கிறேன்.

தேயிலை செடி அல்ல, மரம். வெட்டாமல் விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும். அது இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளைகளை வெட்டும் கவ்வாத்தும், ஏறத்தாழ வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து பறிக்க வரும் சுற்றும். மட்டத்துக்கு மேலே தலை நீட்டும் எதுவும் கிள்ளப்படும். இதை ஒரு பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். நாள்தோறும் பார்க்கும் பச்சைச் சரிவு முழுவதும் வளர விடப்படாத காடு என்று தெரிந்ததும் அந்த முகம் மாறும். அந்த முகத்திலிருந்து என் வாக்கியம் பிறந்தது: கவ்வாத்துக் கத்திக்கு அஞ்சி ஓடிய தேயிலை மரங்கள் ஒளிந்து வாழும் காடு அது. அதற்கு 'மட்டமில்லாக் காடு' என்று பெயர் வைத்தேன்.

மறைவின் காரணம் கிடைத்ததும் மற்றவை தாமாக வரத் தொடங்கின. அந்தக் காட்டில் வெளியே வெட்டப்பட்டதெல்லாம் வளர்ந்துகொண்டிருக்கும். கவ்வாத்தில் விழுந்த கிளைகள் அங்கே நிழல் தரும். பாதியில் நிறுத்தப்பட்ட பாட்டு அங்கே தொடரும். பள்ளியை விட்டு நின்றவர் அங்கே அடுத்த வகுப்பில் உட்கார்ந்திருப்பார். இவற்றில் எதையும் நான் யோசித்துச் சேர்க்கவில்லை. முதல் வாக்கியத்திலிருந்து முளைத்தன. உங்கள் வாக்கியத்திலிருந்து இப்படி முளைக்காவிட்டால் வேறு வாக்கியம் தேடுங்கள். ஒரு மாதம் ஆனாலும் தேடுங்கள்.

கதவு

தெமோதரையில் ரயில் பாதை வளைந்து இறங்கித் தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கமாகப் போகிறது. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. நீருக்குள் மூழ்கிய நகரமும் இருக்கிறது. எல்லாமே அழகான கதவுகள். ஒன்றையும் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன்.

காரணம் எளிது. பிள்ளைகள் கதவைச் சோதித்துப் பார்ப்பார்கள். நம் வாசகி புத்தகத்தை மூடிவிட்டு அந்த இடத்துக்குப் போய் நிற்பாள். அந்த இடம் ரயில் சுரங்கமாகவோ நீர்த்தேக்கமாகவோ இருக்கக் கூடாது. ஒரு பிள்ளை தனியாகப் போய், எதுவும் நடக்காமல், பத்திரமாக வீடு திரும்பக்கூடிய இடமே கதவாக வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்தது மடுவம், கொழுந்து நிறுக்கும் கொட்டகை. மாலை நிறுவை முடிந்து எல்லோரும் போன பிறகு அங்கே தராசு தனியாகத் தொங்கும். யாரும் எதையும் வைக்காத தராசின் முள் மெல்ல அசைந்தால் எப்படி இருக்கும்? உங்கள் தோட்டத்தில் மடுவம் இல்லையென்றால் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பின்சுவர், பீலிக்கரைக் கல், கோயில் மரத்தடி என்று தேடுங்கள். நாள்தோறும் பார்க்கும் பொருளில் ஒரே ஒரு சிறு அசைவு போதும். பேரொளியும் இடியும் தேவையில்லை.

விலையும் சட்டமும்

மாயத்துக்கு விலை இல்லையென்றால் கதைக்குப் பதற்றம் இல்லை. விலை என்ன என்பதைத் தோட்டத்துச் சொற்களில் தேடியபோது எனக்கு 'பேர்' என்ற சொல் கிடைத்தது. ஒருநாள் வேலைக்குப் பதிவாவதைத் தோட்டத்தில் 'பேர்' என்கிறோம். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர். அம்மா மாலையில் வந்து "இன்றைக்கு அரைப்பேர்தான்" என்று சொல்வதைக் கேட்டு வளராத மலையகப் பிள்ளை குறைவு. சின்ன வயதில் நான் அதைச் சொல்லுக்குச் சொல் நம்பினேன். அம்மாவின் பெயரில் பாதியை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று எண்ணி அழுதிருக்கிறேன்.

அந்த அழுகைதான் நாவலின் சட்டம் ஆனது. மடுவத்துத் தராசின் அருகே அந்தி நேரத்தில் ஒரு கணக்கப்பிள்ளை தோன்றுவார். காட்டுக்குள் போக விரும்புபவர் தன் பெயரில் பாதியை அவருடைய ஏட்டில் விட்டுவிட வேண்டும். கதைநாயகியின் பெயர் செல்வமலர். அவள் 'செல்வ'த்தை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள், 'மலர்' வெளியே இருக்கும். அவள் திரும்பும்வரை வீட்டில் எல்லோருக்கும் மலர் மட்டுமே நினைவிருக்கும். மலருக்குப் பாட வரும், கணக்கு வராது. மலருக்குத் தம்பியைப் பிடிக்கும், ஆனால் அவனோடு சண்டை போடத் தெரியாது. தம்பிதான் முதலில் சந்தேகப்படுவான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விலை கதையின் ஆழத்தையும் திறக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாடுகள் செய்த ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு குடும்பத்தில் பாதி இங்கே, பாதி அங்கே. தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் ஏறியவர்களைக் கட்டிப்பிடித்து அழுதவர்கள் இன்றும் நம் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். செல்வமலரின் அப்பாயிக்கு அப்படிப் போன ஓர் அக்கா இருந்தால், கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பழைய பக்கம் ஒன்றில் அந்த அக்காவின் அரைப்பெயர் கிடந்தால், பத்து வயது வாசகி ஒரு சட்டத்தின் எண்ணையும் படிக்காமலே அந்தப் பிரிவை உணர்வாள். வரலாற்றுப் பாடம் நடத்த வேண்டாம். ஏட்டைத் திறந்து காட்டினால் போதும்.

சட்டங்களை மூன்றோடு நிறுத்துங்கள். என்னுடையவை: பாதிப் பெயரை விட்டுச் செல்ல வேண்டும், உள்ளே எதையும் வெட்டக் கூடாது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன் திரும்ப வேண்டும். மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கதை சிக்கும்போது நான்காவது சட்டம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தப்பிக்க மனம் சொல்லும். அதைச் செய்யாதீர்கள். இருக்கும் மூன்றில் ஒன்றை மீற வையுங்கள், கதை நகரும்.

எதிரியும் இங்கிருந்தே வரட்டும். என் கதையில் கவ்வாத்துக் கத்தியோடு காட்டுக்குள் புகுந்துவிட்ட ஒரு சிறுவன் இருக்கிறான். நூறு ஆண்டுகளாக வயது ஏறாதவன். எல்லாம் ஒரே மட்டமாக இருந்தால்தான் அழகு என்று மனதார நம்புகிறவன். கெட்டவனாகவே பிறந்தவனைவிட, தவறான ஒன்றை நேசிக்கிறவன் பிள்ளைகளின் மனதில் நெடுநாள் நிற்பான்.

பிள்ளை

பத்து, பதினொரு வயது சரியாக இருக்கும். புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த வயது. வீட்டில் தண்ணீர் எடுக்கவும் தம்பியைப் பார்க்கவும் பழகியிருப்பாள், ஆனால் அவள் சொல்வதை யாரும் முழுதாக நம்பமாட்டார்கள்.

அவளை 'தேர்ந்தெடுக்கப்பட்டவள்' ஆக்காதீர்கள். ராஜவம்சத்தின் மறைந்த வாரிசு என்று கடைசியில் சொல்லாதீர்கள். கொழுந்து பறிப்பவரின் மகளாக இருப்பது போதாது என்று சொல்வதாகிவிடும் அது. அவளுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அந்த உலகத்துக்குத் தேவைப்பட வேண்டும். எந்தக் கொழுந்து முற்றியது என்று விரலால் தொட்டே சொல்வாள். மூடுபனி எந்தப் பள்ளத்திலிருந்து ஏறும் என்று அறிவாள். அம்மாவைப் பார்த்துக் கற்றவை இவை. காட்டைக் காப்பாற்றுவது இந்த அறிவாக இருக்கட்டும்.

டவுனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பையனோ, பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சிறுமியோ நண்பராக வரலாம். மலையகம் அப்படித்தான் வாழ்கிறது.

வரைபடமும் நாட்காட்டியும்

முதலில் வெளி உலகத்தை வரையுங்கள். மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற தோட்டப் பிரிவுகள், தேயிலை ஆலையான இஸ்டோர், பங்களா, பெரட்டுக்களம், கோயில், பள்ளி, பஸ் நிற்கும் சந்தி. தூரத்தை மீற்றரில் குறிக்காமல் நடக்கும் நிமிடத்தில் குறியுங்கள். ஏறுவதற்கு ஒரு கணக்கு, இறங்குவதற்கு வேறு கணக்கு. பிறகு அதன் மேல் மெல்லிய தாளை வைத்து மறைந்த உலகத்தை வரையுங்கள். வெளியே பங்களா இருக்கும் மேட்டில் உள்ளே என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி மட்டுமே எனக்கு மூன்று அத்தியாயங்கள் தந்தது.

பருவத்தில் தவறு செய்தால் உள்ளூர் வாசகர் உடனே கண்டுபிடிப்பார். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும்போது ஊவாவில் உலர்ந்த காற்று வீசும். நுவரெலியாவில் பனிப்பொழிவு இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். சிவனொளிபாத மலைக்கு யாத்திரை செல்லும் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியில் முடியும். இரவு முழுவதும் மலையில் ஏறும் விளக்கு வரிசையைத் தூரத்து லயத்திலிருந்து பார்க்கும் பிள்ளைக்கு அதுவே மாயம்தான்.

ஹோட்டன் சமவெளியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி வகை, நாவலாசிரியருக்கு இயற்கை தந்த கடிகாரம். அது பூக்கும்போது மட்டும் திறக்கும் உலகம் என்றால், பன்னிரண்டு வயதில் உள்ளே போனவள் அடுத்த முறை இருபத்து நான்கு வயதுப் பெண். நம் முன்னோர் மலைக்குக் குறிஞ்சி என்றே பெயர் வைத்து, யாமத்தையும் கூதிரையும் அதற்கு உரிய பொழுதாக்கினார்கள். மலைக்கதை இரவிலும் குளிரிலும் நடக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தொடக் கூடாதவை, கேட்டுத் தொட வேண்டியவை

மண் பிளந்து வழி திறப்பதாக எழுதாதீர்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மழை வலுத்தால் இன்றும் உறங்காத பிள்ளைகள் இந்த மலைகளில் இருக்கிறார்கள். அவர்களும் உங்கள் வாசகர்கள். மண்சரிவு கதையில் வரலாம். வந்தால் மண்சரிவாகவே, இழப்பாகவே வரட்டும்.

நம் காவல் தெய்வங்கள் மாயக்கதைக்கு அள்ளித் தருவார்கள். தேயிலை இஸ்டோரின் சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனி, கவ்வாத்துச் சாமி எல்லாம் வேலையிலிருந்து பிறந்த தெய்வங்கள். ஆனால் அவர்களுக்குப் படையல் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாமியை வில்லனாக்குவதும் வளர்ப்புப் பிராணியாக்குவதும் தவறு. பெரியவர்களிடம் கேளுங்கள், அந்தத் தெய்வத்தின் பக்கத்தில் நிற்கும் புதிய உருவம் ஒன்றைப் படையுங்கள். நான்கு மதத்தவரும் வணங்கும் சிவனொளிபாத மலையையும் அப்படியே மதியுங்கள். காமன் கூத்தில் எரிந்த மன்மதன் மூன்றாம் நாள் எழுவதைத் தப்புப் பறையின் முழக்கத்தோடு ஒருமுறையாவது நேரில் பாருங்கள். அத்தியாயம் எங்கே மெதுவாக வேண்டும், எங்கே விரைய வேண்டும் என்பதை அந்தத் தாளத்திலிருந்து நான் கற்றேன்.

சொற்கள்

'லைன்' லயமானது, 'பரேட்' பெரட்டானது, 'ஸ்டோர்' இஸ்டோரானது. அதிகாரத்தின் சொற்களை நம் முன்னோர் வாயில் போட்டு மென்று வேறாக்கிவிட்டார்கள். உங்கள் உலகத்தின் மந்திரச் சொற்களையும் அப்படியே செய்யுங்கள். வாயில் புரளாத புதுப்பெயர்களைக் கோத்து வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் டொரொண்டோவிலும் இருக்கும் பிள்ளைக்கு மடுவமும் படங்கும் புரியுமா என்று கவலைப்பட்டு அடிக்குறிப்புப் போட வேண்டாம். "மழைக்கு இடுப்பில் சுற்றியிருந்த படங்கை அவிழ்த்து உதறினாள்" என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்கும் புரியும். பாட்டியை அப்பாயி, அம்மாயி என்றே அழைக்கட்டும்.

எழுதும் முறை

இருபத்து நான்கு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,200 சொற்கள். உரக்க வாசித்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஓர் இரவுக்கு ஓர் அத்தியாயம். மூன்றாவது அத்தியாயம் முடிவதற்குள் கதவு திறந்துவிட வேண்டும். பன்னிரண்டாவதில் விலையின் முழு எடை தெரிய வேண்டும். முடிவில் அவள் திரும்பி வரும்போது ஏதோ ஒன்று திரும்பக் கிடைக்காமல் போக வேண்டும். முதல் வரைவைத் திருத்தாமல் கடைசிவரை எழுதுங்கள். மின்சாரம் நிற்கும் இரவுகளும் சேர்த்து எனக்கு ஏழு மாதங்கள் ஆயின.

பிறகு வாசித்துக் காட்டுங்கள். ஐந்தாறு பிள்ளைகள், சாயத்தண்ணீர், ரொட்டி போதும். 'பிடித்ததா?' என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆம் என்பார்கள். வாசிக்கும்போது எந்த வரியில் சுவரைப் பார்க்கத் தொடங்குகிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் கதையை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் விட்டுவிடும் பகுதி பெரும்பாலும் வெட்ட வேண்டிய பகுதி. தாமாகச் சேர்த்துச் சொல்லும் பகுதி நீங்கள் எழுத மறந்த பகுதி. என் கதையில் தராசு பேசியதாக இரண்டு பிள்ளைகள் சொன்னார்கள். நான் எழுதிய தராசு பேசவில்லை. இப்போது பேசுகிறது.

அச்சுக்குப் போகும் முன் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் சர்வதேசத் தராதர நூல் எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஓவியரோடு ஒருநாள் தோட்டத்தில் நடங்கள். தேயிலையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள் கொழுந்துக் கூடையைப் பள்ளிப் பையைப்போல் தோளில் மாட்டி வரைந்துவிடுவார்கள். கூடையின் கயிறு தலையில் விழுகிறது. அதைத் தாங்கத் தலையில் மடித்துப் போட்ட துணியும், கழுத்து சற்று முன்னால் தள்ளி நிற்கும் விதமும் அட்டையில் சரியாக வர வேண்டும். அம்மா அந்தப் படத்தைப் பார்த்ததும் தன்னை அடையாளம் காண வேண்டும்.